தெஹிவளைக் கூண்டும் தேயிலை மலைச் சிறுத்தையும்

2020 மே 26ஆம் திகதி, மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கியது. சுருக்கு காட்டுப்பன்றிக்காக வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் தானியங்கிக் கமராக்களில் அந்தப் பக்கத்துக் கருஞ்சிறுத்தை பதிவாகியிருந்தது. அற்றுப்போய்விட்டதோ என்று பலரும் எண்ணியிருந்த ஒரு நிறம் இன்னும் நம் மலையில் நடமாடுகிறது என்ற செய்தி பலரை மகிழ்வித்தது. சிக்கிய சிறுத்தையை மயக்க ஊசி போட்டு உயிரோடுதான் மீட்டார்கள். மலையிலிருந்து இறக்கி, தாழ்நிலத்தில் உள்ள உடவளவ யானைகள் இடைத்தங்கல் நிலையத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள். மே 29ஆம் திகதி அது இறந்தது.

மலையகத்தில் ஒரு சிறுத்தைக்கு ஆபத்து வந்தால் அதை யானைக் குட்டிகளுக்கான நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தியிலேயே பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இலங்கையில் விலங்குகளுக்கென்று ஒரு தேசிய நிறுவனம் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் தலைமையகம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. உலகெங்கும் உள்ள இத்தகைய நிறுவனங்களைப் போல அதுவும் மூன்று கடமைகளைச் சொல்லியே தன் இருப்பை நியாயப்படுத்துகிறது: பாதுகாப்பு, கல்வி, பொழுதுபோக்கு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தையோடு ஒரே மலையில் வாழும் மக்களுக்கு இந்த மூன்றில் எது வந்து சேர்ந்திருக்கிறது? எது வந்து சேர வேண்டும்? இக்கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

வியாபாரியின் பட்டியில் பிறந்த பூங்கா

தெஹிவளையின் தொடக்கத்தில் அறிவியலும் இல்லை, அரசும் இல்லை, வியாபாரம்தான் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மானியர் அதை அமைத்தார். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் விலங்குகளைக் கப்பல் வரும்வரை கட்டி வைக்கும் பட்டியாக அது பயன்பட்டது. இவர் உலகப் புகழ்பெற்ற விலங்கு வியாபாரி கார்ல் ஹேகன்பெக்கின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர். கார்ல் 1907இல் ஹம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை வைத்து விலங்குகளைக் காட்டிய புதுவகைப் பூங்காவைத் திறந்தவர். அதே கார்ல்தான் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிச் சென்று ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார்.

தோட்டத் தமிழருக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் கொண்டுவந்த கப்பல்களின் காலமும், யானையையும் சிறுத்தையையும் ஏற்றிச் சென்ற கப்பல்களின் காலமும் ஒன்றுதான். மலையின் காடு வெட்டப்பட்ட காலமும் அதுவே. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் மின்னல் தாக்கி இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஒருகாலத்தில் ஹோர்ட்டன் சமவெளியிலும் உலவிய யானைகள் இன்று அங்கே இல்லை. யானை போன பின் மலையில் மிஞ்சிய பெரிய விலங்குகளில் சிறுத்தையும் மரையும் காட்டுப்பன்றியும் முதன்மையானவை.

ஹேகன்பெக்கின் கம்பனி 1936இல் நொடித்துப் போனதும் அரசு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஒப்ரி வைன்மனும் பின்னர் லின் டி அல்விஸும் அதை நாடறிந்த பூங்காவாக வளர்த்தார்கள். 1982இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. லின் டி அல்விஸின் கதையில் ஒரு முரண் உண்டு. 1973இல் திறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையும், 1994இல் வந்த அதன் புகழ்பெற்ற இரவு சஃபாரியும் அவருடைய ஆலோசனையில் உருவானவை. கம்பி தெரியாத, விலங்குக்கு இடம் தாராளமான பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று உலகுக்குக் காட்டியவர் நம்மவர். அவர் பணியாற்றிய தெஹிவளையோ நகரத்தின் நெரிசலுக்குள் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஏக்கரில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த நெருக்கடியைத் தணிக்கவே 2015இல் பின்னவலவில் திறந்தவெளிப் பூங்காவும், 2016இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் ரிதியகமவில் சுமார் 500 ஏக்கர் சஃபாரி பூங்காவும் வந்தன.

பாதுகாப்பு: கூண்டு காப்பாற்றியவையும் காப்பாற்ற முடியாதவையும்

மிருகக்காட்சிசாலைகள் இனங்களை மீட்டதே இல்லை என்று சொல்வது அநியாயம். அரேபிய ஓரிக்ஸ் மான் காட்டில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தபோது, 1960களில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சேர்த்த சிறு மந்தையிலிருந்துதான் இனம் பெருகியது. 1982இல் ஓமானின் பாலைவனத்துக்கு அது திரும்பியது. கலிபோர்னியக் கழுகான கொண்டோர் 1987இல் மொத்தமாகவே 27 எஞ்சியிருந்தது. அவற்றைக் கூண்டில் வைத்துப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் வானில் விடத் தொடங்கினார்கள்.

இந்த வெற்றிகளுக்கு ஒரு பொது நிபந்தனை இருக்கிறது. இனத்தைக் கொன்ற காரணம் நீங்கிய இடத்தில்தான் திரும்பியவை நிலைக்க முடியும். நீங்காத இடத்தில் திரும்பியவை மீண்டும் செத்தன. ஓமானிலேயே, விட்ட ஓரிக்ஸ்களைக் களவாக வேட்டையாடத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் சரிந்தது.

நம் சிறுத்தையை இந்த அளவுகோலால் பார்ப்போம். அறிவியல் அதற்கு வைத்த துணையினப் பெயர் 'கொட்டியா', 1956இல் பி. ஈ. பி. தெரணியகல வைத்தது. சிங்களத்தில் அந்தச் சொல் புலியைக் குறிக்கும். தோட்டத்துத் தமிழிலும் சிறுத்தைக்குப் பேச்சு வழக்கில் புலி என்றே பெயர். புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவில் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது இது ஒன்றுதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2020 மதிப்பீட்டின்படி இனப்பெருக்க வயதை எட்டியவை 800க்கும் குறைவு. இதற்குக் கூண்டு வளர்ப்பும் இருக்கிறது: 2011 இறுதியில் உலகப் பூங்காக்களில் 75 இலங்கைச் சிறுத்தைகள் இருந்தன, பெரும்பாலானவை ஐரோப்பாவின் இனப்பெருக்கத் திட்டத்துக்குள்.

காட்டில் ஒன்றும் மிஞ்சாமல் போனால் இந்த ஐரோப்பியச் சிறுத்தைகள் ஒரு காப்பீடு. ஆனால் மலையகச் சிறுத்தைக்கு இன்று குட்டி போடுவதில் சிக்கல் இல்லை. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் தேயிலைப் புதருக்குள் சிறுத்தைக் குட்டிகளைக் கண்ட செய்தி அடிக்கடி வருகிறது. பிறக்கும் குட்டி வளர்ந்து, சுருக்கில் விழாமல் வாழ்வதில்தான் சிக்கல். கருஞ்சிறுத்தை தனி இனமன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒடுங்கு மரபணு ஒன்று வந்து சேர்ந்தால் பிறக்கும் நிறம் அது. அந்த மரபணுவைச் சுமக்கும் புள்ளிச் சிறுத்தைகள் அதே மலையில் இன்னும் இருக்கலாம். அவற்றைக் கம்பியிலிருந்து காப்பாற்றுவதே அந்த நிறத்தைக் காப்பாற்றும் வழி.

கம்பி எதற்கு வருகிறது? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்தியையும், உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போட்ட நிலத்தையும் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடும். முள்ளம்பன்றி மிச்சத்தைத் தோண்டும். தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தப் பாத்தி வெறும் பொழுதுபோக்குத் தோட்டமல்ல. பன்றி இறைச்சிக்கும் விலை உண்டு. கைக்குக் கிடைக்கும் மெல்லிய இரும்புக் கம்பியே போதும். ஒரு முனையை மரத்தில் கட்டி, பன்றி வரும் தடத்தில் வளையம் வைத்தால் வேலை முடிந்தது. அந்தத் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கிறது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சிக்கிய விலங்கு திமிறத் திமிற வளையம் இறுகும். உள்ளுறுப்புகளும் தசைகளும் சிதையும். அதனால்தான் உயிரோடு மீட்ட சிறுத்தையும் பல சமயம் பிழைப்பதில்லை.

இரண்டு யானை இல்லங்கள் சொல்லும் பாடம்

மீட்ட விலங்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு இலங்கையிலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன. தாயை இழந்த யானைக் குட்டிகளுக்காக 1975இல் பின்னவலவில் ஒரு இல்லம் அமைந்தது. 1978இல் அது தேசிய மிருகக்காட்சிசாலை நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1982இல் இனப்பெருக்கம் தொடங்கி, 1984இல் முதல் குட்டி அங்கேயே பிறந்தது. உலகப் பயணிகள் திரண்டார்கள். ஆற்றில் குளிக்கும் யானைக் கூட்டம் நாட்டின் அடையாளப் படமானது. ஆனால் மனிதரின் கையிலேயே வளர்ந்த யானை மனிதரைச் சார்ந்தே வாழப் பழகிவிடுகிறது. காடு அதற்கு வீடாவதில்லை.

1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் உடவளவவில் அமைத்த இடைத்தங்கல் நிலையம் வேறு வழியைப் பிடித்தது. பார்வையாளர் தூரத்திலிருந்து பால் ஊட்டும் நேரத்தை மட்டும் பார்க்கலாம். குட்டியைத் தொட முடியாது. வளர்ந்ததும் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் காடேறிவிட்டன. இரு இல்லங்களும் ஒரே துயரத்திலிருந்து பிறந்தவை. பொழுதுபோக்கு முன்னால் நின்ற இடத்தில் பாதுகாப்பு பின்னுக்குப் போனது; பார்வையாளரைத் தள்ளி நிறுத்திய இடத்தில் விலங்கு காட்டுக்குத் திரும்பியது. மலையகத்துக்கு ஒரு மையம் வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் இந்த இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

'பிடித்துக்கொண்டு போங்கள்' என்ற கோரிக்கை

லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனதும், கொழுந்து மலையில் ஒருவர் காயப்பட்டதும் எழும் குரல் எப்போதும் ஒன்றுதான்: பிடித்துக்கொண்டு போய் மிருகக்காட்சிசாலையில் விடுங்கள். விடியற்காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நடந்து போகும் தொழிலாளியின் பயத்தைக் கொழும்பிலிருந்து பார்த்துக் குறைசொல்வது எளிது. இலங்கையில் மனிதரைத் தொடர்ந்து கொன்ற சிறுத்தை என்று பதிவானது 1924இல் மட்டக்களப்புப் பக்கம் புனானையில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒன்றுதான். அந்தக் கணக்கு தொழிலாளிக்கு ஆறுதல் தராது. பயம் நியாயமானதே. கோரிக்கைதான் பிழையான இடத்துக்கு இட்டுச் செல்கிறது.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்குள் குட்டி போட்டு வாழ்ந்த சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்தது; தூரத்துக் காடுகளில் விட்டது. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதன் விளைவைக் கணக்கிட்டது: இடமாற்றத்துக்குப் பிறகு மனிதர் மீதான தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 4இலிருந்து 17ஆக உயர்ந்தன. பழகிய நிலத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்ட விலங்கு, தெரியாத ஊரில் மனிதரோடு மோதியது. மறுபடி விட முடியாத சிறுத்தைகள் மாணிக்டோ மீட்பு மையத்தில் ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடக்கின்றன. மலையகத்தின் எல்லாச் சிறுத்தைகளுக்கும் தெஹிவளையில் இடமில்லை. இடமிருந்தாலும், ஒன்று போன மலைக்கு வேறொன்று வரும். அது நம் வழித்தடங்களை அறியாத இளம் சிறுத்தையாக இருக்கும்.

தமிழ்நாட்டின் வால்பாறை இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதுவும் நம்முடையதைப் போலத் தேயிலை மலை, அங்கேயும் தொழிலாளர் லயங்கள். தோட்டங்கள் வழியாக நடமாடும் யானைகளால் உயிரிழப்புகள் தொடர்ந்தபோது, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமார் குழு யானையை அப்புறப்படுத்தவில்லை. யானை எங்கே நிற்கிறது என்ற செய்தியை உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் மக்களுக்கு அனுப்பியது. உயரமான இடங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை வைத்து, கைபேசியாலேயே எரிய வைத்தது. இப்பணிக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. மனிதரையும் விலங்கையும் அங்கே பிரித்து வைத்தது கம்பியல்ல, தகவல்.

இந்தப் பாதையில் நம் மலையிலும் காலடி பட்டிருக்கிறது. அஞ்சலி வட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய டன்கெல்ட் தோட்டத்திலும் கமராக்களை வைத்துச் சிறுத்தைகளை ஆராய்ந்து வருகிறது. தோட்டத்துக் காட்டுத் துண்டுகளும் ஓடைக்கரைகளும் சிறுத்தை கடந்துபோகும் வழிகளாகவும் வாழிடமாகவும் இருப்பதை இத்தகைய வேலை காட்டியது. கொழுந்து பறிப்பவர்கள் தலைமுறையாக அறிந்ததை அறிவியல் உறுதி செய்தது.

கல்வியும் பொழுதுபோக்கும் ஒரே பஸ்ஸில்

சித்திரை மாதத்தில் கொழும்பு மலையேறி நுவரெலியாவுக்கு வருகிறது: மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம், குளிர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ உல்லாசம் எதிர்த் திசையில். கல்விச் சுற்றுலா என்றால் இரவோடு இரவாகப் பஸ் ஏறி, ஹட்டனிலிருந்து கீழே இறங்கி, விடிந்ததும் தெஹிவளை. அதன் பிறகு காலிமுகத்திடலும் கடலும். வாழ்நாளில் அந்தப் பிள்ளை யானையை அத்தனை அருகில் பார்ப்பது பெரும்பாலும் அன்றுதான். சிங்கத்தைப் பார்த்த வியப்பை எந்தச் சுற்றறிக்கையாலும் குறைத்து மதிப்பிட முடியாது. பொழுதுபோக்கு என்ற கடமையைத் தெஹிவளை மலையகத்துக்கு நன்றாகவே செய்திருக்கிறது. தேயிலைத் தோட்டப் பெற்றோர் சேர்த்த காசில் கிடைக்கும் அந்த ஒரு நாளைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை சிறுத்தைக் கூண்டுக்கு முன் நிற்கும்போது என்ன நடக்கிறது? தன் லயத்துக்கு மேலுள்ள மலையில் நடமாடும் விலங்கை, தன் ஊரோடு தொடர்பில்லாத ஒரு அதிசயமாகப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்கிறது. மிருகக்காட்சிசாலைகளின் கல்விப் பயனை அளந்த ஒரு பெரிய ஆய்வு 19 நாடுகளில் 26 பூங்காக்களில் நடந்தது. உயிர்ப்பன்மை பற்றிய புரிதல் பார்வையாளர்களிடம் வருகைக்கு முன் 69.8 சதவீதமாக இருந்து, வெளியே வரும்போது 75.1 சதவீதமானது. பயன் உண்டு, சிறியது. சும்மா பார்த்துவிட்டு வருவதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த வருகைக்கு முன்னும் பின்னும் வகுப்பறையில் நடப்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

மலையகத்துக்கு வேண்டிய பாடம் மிகவும் தெளிவானது. புதருக்குள் குட்டியைக் கண்டால் தூக்கக் கூடாது, விலகிப் போனால் தாய் வந்து எடுத்துச் செல்லும். சுருக்கில் சிறுத்தை சிக்கினால் கூட்டம் கூடிக் கைபேசியில் படம் பிடிக்கக் கூடாது. அதன் திமிறலே அதைக் கொல்கிறது. கூட்டத்தின் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்ற நிகழ்வு காட்டியது. லயத்துக் குப்பை நாயைக் கூட்டும், நாய் சிறுத்தையைக் கூட்டும். பன்றிக்கு வைத்த கம்பி எல்லாவற்றுக்கும் வைத்த கம்பி. இவை தமிழில், மலையகத்துப் பேச்சில், கொழுந்து பறிப்பவரின் அனுபவத்தைக் கேட்டு எழுதப்பட வேண்டிய பாடங்கள். அதை எழுதவும் எடுத்துச் செல்லவும் விலங்கு வைத்தியர்களும் கல்வி உத்தியோகத்தர்களும் உள்ள தேசிய நிறுவனத்தைவிடப் பொருத்தமானவர் யார்?

மலைக்கு ஏற வேண்டிய நிறுவனம்

தாவரங்களுக்கு இப்படியொரு முன்னுதாரணம் மலையிலேயே இருக்கிறது. 1861இல் சின்கோனா வளர்க்கத் தொடங்கிய ஹக்கல, இன்று மலைநாட்டுக்குரிய தாவரவியல் பூங்கா. பேராதனையில் வளராததை அது வளர்க்கிறது. விலங்குகளுக்கு அதற்கு நிகரான ஒன்று மலையில் இல்லை. நான் கேட்பது இன்னொரு கூண்டு வரிசையல்ல. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, சுருக்கில் சிக்கிய விலங்குக்கு முதல் சில மணி நேரத்திலேயே சிகிச்சை அளிக்கக்கூடிய ஒரு சிறு நிலையம். உடவளவவைப் போல விலங்கை மனிதரிடம் பழக்காமல் காட்டுக்குத் திருப்புவதை நோக்கமாகக் கொண்டது. அதன் பக்கத்திலேயே பாடசாலைகளுக்குச் செல்லும் ஒரு தமிழ்க் கல்விக் குழு. பாத்திகளைக் காக்கும் வேலிக்குத் தோட்டக் கம்பனிகளின் பங்களிப்பு. மிருகக்காட்சிசாலைத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்தால் செய்யக்கூடியவைதான் இவை.

மூன்று கடமைகளையும் மலையிலிருந்து நிறுத்துப் பார்த்தால் என் முடிவு இது: பொழுதுபோக்கைத் தெஹிவளை தந்திருக்கிறது, பாதுகாப்பைச் சிறுத்தைக் கூண்டால் மலைக்குத் தர முடியாது, தரக்கூடியதும் இதுவரை போதிய அளவு தராததும் கல்வி.

கருஞ்சிறுத்தை இறந்த மறு ஆண்டு, 2021 முதல், ஓகஸ்ட் 1 இலங்கையின் சிறுத்தை தினம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவில் சிறுத்தைக் கூண்டுக்கு முன் பிள்ளைகளைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நல்லதண்ணியில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஊர் திரும்பிய பின், தங்கள் மலையில் எங்கெங்கே கம்பி வைக்கிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும்.